துண்டித்த இடத்தில் பிசகும் சப்தம்

கெட்டிமேளம் முழங்கும்போது தவில் வித்துவானுடைய கோல் தோலின் மேல் இறங்குவதைக் கண் காண்பதற்கும், அந்த அடியின் நாதத்தைக் காது கேட்பதற்கும் நடுவே எவ்வளவு அவகாசம் இருந்தால் மனித மனம் பொறுத்துக்கொள்ளும் என்பது வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் கல்யாண வீடியோ எடுத்து ஜீவனம் செய்கிறவர்கள் என்றாவது ஒரு நாள் அதற்கு விடை சொல்லியே தீரவேண்டும். பதிவு நீளமாக இருக்கிறதென்று முகூர்த்தப் பகுதியை இரண்டு துண்டாக வெட்டிக் கொடுத்த பிறகு, இரண்டாவது துண்டில் கோல் ஒரு பக்கமும் நாதம் ஒரு பக்கமுமாகப் போய்விட்டால், மாலைகளும் விளக்குகளும் எத்தனை அழகாகப் பதிவாகியிருந்தாலும் பெண் வீட்டார் அதை மன்னிப்பதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன் 1998-இல் இதற்கென்றே ஒரு சிபாரிசு வெளியிட்டிருக்கிறது. சப்தம் படத்தை 45 மில்லிவிநாடி முந்தினாலும், 125 மில்லிவிநாடி பிந்தினாலும், பார்ப்பவர்களுக்கு அது தெரிந்துவிடும் என்பது அதன் முடிவு. பிந்துவதற்கு இவ்வளவு சலுகையும் முந்துவதற்கு அவ்வளவு கண்டிப்பும் ஏன் என்றால், இயற்கையே அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறது. விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் சப்தம், பந்தலின் கோடியில் 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருடைய காதைப் பத்தில் ஒரு விநாடி தாமதமாகவே அடைகிறது. சப்தம் பிறப்பதற்கு முன்பே காதில் விழுவது மட்டும் உலகத்தில் எங்கும் நடவாத காரியம்.

இந்தப் பிசகு கம்ப்யூட்டரோடு பிறந்த வியாதி என்று இத்தொழிலுக்குப் புதிதாக வந்த இளைஞர்கள் நினைக்கிறார்கள். அப்படியன்று. பேசும்படம் தோன்றிய நாளிலேயே அதனோடு கூடப் பிறந்து, படச்சுருளை வெட்டியவர், காஸெட்டை ஒட்டியவர், சி.டி.க்காகப் பாகம் பிரித்தவர் எல்லாரையும் ஒரே விதமாகச் சோதித்து வந்திருக்கிறது இந்த வியாதி. அதன் சரித்திரத்தைச் சொல்ல இந்தப் பிரதேசம் பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. 1997-இல் தனி மாவட்டம் ஆகும் வரையில் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த இப்பகுதி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு ஆகிய மூன்றையும் சேர்த்து 'என்.எஸ்.சி.' என்று பட விநியோகஸ்தர்கள் பெயரிட்ட வட்டாரத்தின் வடகோடியாக இருந்தது. தெற்கே சென்னைப் பட்டணத்து ஸ்டூடியோக்கள். வடக்கே ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திர தேசம். மேற்கே, வீரராகவப் பெருமாளைச் சேவிக்க அமாவாசைதோறும் ஜனங்கள் திரளும் திருவள்ளூர்; கிழக்கே, கூடூர் ரயில் பாதையில், சிப்காட் வளாகமும் இரும்பு உருக்காலைகளும் வந்து உருமாறிப்போன கும்மிடிப்பூண்டி. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் இந்த ஊர்களில், இரண்டு பாஷைப் படங்களுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள்.

பேசும்படத்தின் தொடக்கத்தில் சப்தம் படச்சுருளில் இடம் பெறவே இல்லை. 1926-இல் அமெரிக்காவில் வார்னர் சகோதரர்கள் வெளியிட்ட 'வைட்டாபோன்' முறையில், பதினாறு அங்குல விட்டமுள்ள இசைத்தட்டு ஒன்று நிமிஷத்துக்கு 33⅓ சுற்று வீதம் ஒரு பக்கம் சுழல, புரொஜக்டரில் படம் மற்றொரு பக்கம் ஓட, இரண்டையும் ஒரே மோட்டார் இணைத்து நடத்தியது. தட்டின் ஒரு பக்கம் 1,000 அடி ரீலுக்கு, அதாவது சுமார் பதினொரு நிமிஷத்துக்கு, சரியாக இருக்கும். படச்சுருள் அறாத வரையில் எல்லாம் க்ஷேமம். அறுந்துவிட்டாலோ, கிழிந்த நான்கு பிரேம்களை வெட்டி எறிந்துவிட்டு ஆபரேட்டர் இரு முனைகளையும் ஒட்டினால், அந்த ரீல் முடியும் மட்டும் படம் தட்டைவிட நான்கு பிரேம் முந்திக்கொண்டே ஓடும். அதே இடத்தில் இன்னொரு முறை அறுந்தால் பிசகு இன்னும் வளரும். ஆகவே, எத்தனை பிரேம்களை வெட்டினாயோ அத்தனை கறுப்புப் பிரேம்களை அந்த இடத்திலேயே சேர்த்து ஒட்டு என்பது அக்காலத்து விதி. திரை ஒரு கணம் இருண்டாலும் பரவாயில்லை. கணக்கு மட்டும் கெடக்கூடாது.

இந்த விதியைச் சற்றே நிதானித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் சரித்திரம் முழுவதும் இதைச் சுற்றியே சுழல்கிறது. படத்தின் இந்த இடத்துக்கு உரிய சப்தம் எது என்பதைத் தொடக்கத்திலிருந்து எண்ணிக் கண்டுபிடிக்கும் முறையில், ஓரிடத்தில் விழுந்த குறை கடைசி வரையில் நீங்காது. அவ்வாறின்றி, ஒவ்வோர் இடத்திலும் அதற்கு உரிய சப்தத்தின் அடையாளம் அங்கங்கே பதிந்திருக்கும் முறையில், குறை வெட்டின இடத்தோடு நின்றுவிடும். கடந்த நூறு வருஷங்களில் யந்திரங்கள் எத்தனையோ மாறியும், இந்த இரண்டு முறைகளையும் தவிர மூன்றாவது ஒன்றை எவரும் கண்டுபிடித்ததாக நான் அறியேன்.

இசைத்தட்டு முறை சில வருஷங்களிலேயே கைவிடப்பட்டு, சப்தம் ஒளிக்கோடாக மாறிப் படச்சுருளின் ஓரத்தில் வந்து அமர்ந்தது. 1931 மார்ச் 14-ஆம் தேதி பம்பாயில் வெளியான 'ஆலம் ஆரா'வும், அதைத் தயாரித்த இம்பீரியல் கம்பெனியே எடுத்து அதே வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி சென்னையில் திரையிட்ட 'காளிதாஸு'ம் பேசும் யுகத்தைத் தொடங்கிவைத்தவை. எச். எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்' படத்தில் டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்லுவான். எல்லைப்புறத்து ஜனங்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருந்திராது. பம்பாயிலிருந்து வந்த ரீல் பெட்டியை சென்ட்ரல் ரயிலடியிலிருந்து வால்டாக்ஸ் சாலை வழியாக 'கினிமா சென்ட்ரல்' கொட்டகைக்குப் பூவும் தேங்காயும் கற்பூரமுமாக ஊர்வலம் கொண்டுபோனார்கள் என்று சொல்லுவதுண்டு. அந்தப் பெட்டிக்குள் இருந்த சுருளில் படமும் பாட்டும் ஒரே நாடாவில் இருந்தன என்பது உண்மை. ஆனால் ஒன்றுக்கொன்று நேர் எதிரே இருக்கவில்லை.

இந்த ரகசியத்தைச் சாமான்ய ரசிகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். புரொஜக்டரின் லென்ஸுக்குப் பின்னால் படச்சுருள் விநாடிக்கு 24 முறை நின்று நின்றே நகர்கிறது. நிற்காவிட்டால் திரையில் பிம்பம் நிலைக்காது. சப்தத்துக்கோ நிற்பது ஆகாது. சுருள் ஒரே சீரான கதியில் வழுக்கிச் சென்றால்தான் பாட்டு பாட்டாக ஒலிக்கும். ஆகையால் சப்தத்தைப் படிக்கும் விளக்கையும் உருளையையும் லென்ஸுக்குக் கீழே, தள்ளாட்டம் அடங்கிய ஓரிடத்தில், சுமார் இருபது பிரேம் தூரத்தில் அமைத்தார்கள். அதற்கு ஏற்றபடி ஒவ்வொரு படத்துக்கும் உரிய சப்தம் அந்தப் படத்துக்கு இருபது பிரேம் முன்னதாகவே சுருளில் அச்சிடப்பட்டது. பதினாறு மில்லிமீட்டர் சுருளில் இந்தத் தூரம் 26 பிரேம். ஆக, கத்தரிக்கோலால் ஓரிடத்தில் வெட்டுகிறவன் எப்போதுமே இரண்டு வெவ்வேறு கணங்களை வெட்டுகிறான்: இந்தக் கணத்துப் படத்தையும், முக்கால் விநாடிக்குச் சற்று மேற்பட்டுப் பின்னால் வரவிருக்கும் கணத்துச் சப்தத்தையும்.

'ஆலம் ஆரா' காலத்தில் படமெடுக்கும்போதே சப்தமும் அதே நெகடிவில் பதிவானதால், இந்தத் தூரத்துக்குப் பயந்து எடிட்டர்கள் இஷ்டம்போல் வெட்ட முடியவில்லை. உதட்டைப் பார்த்து வெட்டினால் வார்த்தை அறுபடும், வார்த்தையைக் கேட்டு வெட்டினால் உதடு தொங்கும். சப்தத்துக்கென்று தனி நெகடிவ் ஓடும் முறை வந்த பின்புதான் எடிட்டிங் என்ற கலைக்கு மூச்சு வந்தது. கிளாப் பலகை தட்டும் ஓசையையும் அது மூடும் பிரேமையும் பொருத்தி வைத்துக்கொண்டு, இரு சுருள்களையும் தனித்தனியே வெட்டி, கடைசியில் லாபரேட்டரியில் இருபது பிரேம் நகர்த்தி ஒன்றாக அச்சடிப்பது வழக்கமாயிற்று. சென்னையில் 1934-இல் ஏ. நாராயணன் ஸ்தாபித்த ஸ்ரீநிவாசா சினிடோன் ஸ்டூடியோவில் சப்தப் பதிவை ஏற்று நடத்தியவர் அவருடைய மனைவி மீனாக்ஷி நாராயணன் அவர்கள். அக்காலத்து ஸ்டூடியோக்களில் வெயில் வெளிச்சத்தில் படம் பிடிக்கையில் காகங்களின் கூச்சல் மைக்கில் ஏறிவிடாதபடி அவற்றை விரட்ட ஆள் வைத்திருந்தார்கள் என்று பழையவர்கள் சொல்லுவார்கள். இந்திய சினிமாவின் முதல் பெண் சப்தப் பதிவாளராக மதிக்கத்தக்க மீனாக்ஷி அம்மாளின் பெயர், நடிகைகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கும் நம்மவர்களுக்குத் தெரியாமலே போனது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

ஸ்டூடியோவில் எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும், அந்தப் பிரதி பட்டணத்துத் தியேட்டர்களை எல்லாம் சுற்றித் தேய்ந்து கடைசியில் வந்து சேருமிடம் கிராமத்து டூரிங் டாக்கீஸ். பொழுது சாய்ந்த பிறகு கீற்றுக் கொட்டகைக்குள் ஒற்றைப் புரொஜக்டரை வைத்துக்கொண்டு, ரீலுக்கு ரீல் இடைவேளை விட்டுப் படம் காட்டிய ஆபரேட்டர்களுக்குச் சுருள் அறுவது தினசரி அநுபவம். பிளேடால் சுருளின் மேற்பூச்சைச் சுரண்டி, பிலிம் சிமெண்டைத் தடவி, இரு முனைகளையும் அழுத்திப் பிடித்து ஒரு நிமிஷத்தில் ஒட்டிவிடுவார்கள். இரண்டு பிரேம் போயிற்று. ஒட்டு லென்ஸைக் கடக்கும்போது படம் துள்ளும். ஆனால் அதே ஒட்டு சப்த உருளையை அடைய இன்னும் இருபது பிரேம், அதாவது ஆறில் ஐந்து பங்கு விநாடி, ஆகும். அந்த இடைவெளியில் மட்டும் படம் சப்தத்தைவிட இரண்டு பிரேம் முந்தியிருக்கும். பிறகு ஒட்டு உருளையைக் கடந்ததும் சப்தமும் ஒரு துள்ளு துள்ளி, தானே படத்தோடு சேர்ந்துகொள்ளும். இசைத்தட்டில் ஆயுள் முழுவதும் நீடித்த வியாதி இங்கே ஒரு விநாடிக்குள் குணமாகிவிட்டது. மிச்சம் இருப்பது 'டப்' என்ற ஓர் ஓசைதான். ஒட்டின் விளிம்பு ஒளிக்கோட்டைக் குறுக்கே வெட்டுவதால் எழும் ஓசை அது. அதை அடக்கவும் ஒரு கைவைத்தியம் இருந்தது. ஒட்டின் மேல், சப்தக்கோட்டுப் பக்கமாக, கறுப்பு மையால் முக்கோணம் ஒன்று தீட்டிவிட்டால் வெளிச்சம் திடீரென்று மாறாமல் படிப்படியாகக் குறைந்து கூடும். 'டப்' ஓசை மௌனமாகக் கரைந்துவிடும். இன்று கம்ப்யூட்டரில் வெட்டின இடத்துச் சப்தத்தைச் சில மில்லிவிநாடிகள் தேயவிட்டு வளர்க்கிறார்களே, அந்த வித்தையின் மூதாதை இந்த மைத்துளிதான்.

இதைவிடச் சூக்ஷ்மமான சங்கதி ரீல்களின் சந்தியில் இருந்தது. தனித்தனி ரீலாக ஓட்டும்போது தெரியாத குறை, இரண்டு ரீல்களை ஒட்டிப் பெரிய சுருளாக்கும்போது வெளிப்படும். இரண்டாம் ரீலின் முதல் படத்துக்கு உரிய சப்தம் இருபது பிரேம் முன்னதாக, அதாவது முதல் ரீலின் வாலில், இருந்தாக வேண்டும். அங்கே அது இல்லாவிட்டால் ஒவ்வொரு சந்தியிலும் சப்தம் முக்கால் விநாடி விழுங்கப்படும். ஆகையால் விஷயம் தெரிந்த லாபரேட்டரிகள் அடுத்த ரீலின் ஆரம்பச் சப்தத்தை முந்தைய ரீலின் கடைசியில் முன்கூட்டியே அச்சிட்டு வைத்தன. துண்டாக்குகிறவன் ஒவ்வொரு துண்டிலும் அண்டைத் துண்டின் சப்தம் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும் என்ற இந்தப் பாடத்தை, எழுபது வருஷங்களுக்குப் பிறகு வந்த மென்பொருள்காரர்கள் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள்.

காஸெட் யுகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டி.வி.யையும் 'டெக்'கையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. வீடியோ காட்சிகளை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு 1984-இல் தனிச் சட்டமே இயற்றவேண்டி வந்தது. வி.எச்.எஸ். நாடாவிலும் படத்தைச் சுழலும் உருளையும், சப்தத்தை அதற்கு அப்பால் சுமார் 79 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் தலையும் பதிவு செய்தன, விநாடிக்கு 23.39 மில்லிமீட்டர் நகரும் நாடாவில் அது மூன்றரை விநாடிக்குச் சற்றுக் குறைவான தூரம். நாடாவை வெட்டி ஒட்டுவது டெக்கின் தலையையே கெடுத்துவிடும் என்பதால், கல்யாண வீடியோக்காரர்கள் வெட்டாமல் ஒரு டெக்கிலிருந்து மற்றொரு டெக்குக்குப் பிரதி எடுத்தே எடிட்டிங் செய்தார்கள்; சப்தப் பிசகு அவர்களை அதிகம் வாட்டவில்லை. ஆனால் சங்கீதக் காது படைத்தவர்களை வேறொன்று வாட்டியிருக்க வேண்டும். விநாடிக்கு 24 பிரேமாக எடுத்த சினிமாவை, விநாடிக்கு 25 ஓடும் நம் நாட்டு டெலிவிஷனுக்கு மாற்றும்போது படம் நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடிவிடும். ஸ்ருதியும் முக்கால் அரைஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். பிற்காலத்தில் பழைய படங்களின் தேய்ந்த சப்தத்துக்குப் பதிலாக இசைத்தட்டிலிருந்து எடுத்த பாட்டைப் பொருத்தப் பார்த்தவர்கள், பல்லவியில் சேர்ந்திருந்த உதடு சரணத்தில் பிரிந்துபோனதைக் கண்டு திகைத்ததற்கு இதுவே காரணம்.

இந்த இடத்தில், பலரும் கவனியாமல் விட்டுவிடும் ஒரு திருப்பத்தைச் சொல்ல வேண்டும். 1993-இல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு தோன்றி, 1996-இல் 'கறுப்பு ரோஜா' மூலம் தமிழுக்கு வந்த டி.டி.எஸ். முறையில், சப்தம் மறுபடியும் படச்சுருளைவிட்டுத் தட்டுக்கே திரும்பிற்று. வைட்டாபோனின் பழைய சாபமும் கூடவே திரும்பியிருக்க வேண்டுமல்லவா? திரும்பவில்லை. ஏனென்றால் இம்முறை படச்சுருளில், படத்துக்கும் ஒளிக்கோட்டுக்கும் நடுவே, காலக்குறி ஒன்று இடைவிடாமல் அச்சிடப்பட்டிருந்தது. ஆபரேட்டர் நான்கு பிரேமை வெட்டி ஒட்டினால் காலக்குறி ஒரு தாவு தாவும். அதைப் படித்த யந்திரம் சி.டி.யில் இருக்கும் சப்தத்தையும் அதே அளவு தாவச்செய்யும். குறி அடியோடு அழிந்துபோனால், ஓரத்தில் காத்திருக்கும் பழைய ஒளிக்கோடே பாடத் தொடங்கும். தொடக்கத்திலிருந்து எண்ணும் தட்டுக்கு, இடத்துக்கு இடம் அடையாளம் கொடுத்த இந்த யோசனை, சினிமா சப்த சரித்திரத்திலேயே மிகவும் புத்திசாலித்தனமானது என்பது என் அபிப்பிராயம்.

இதற்குள் சுருக்கப்பட்ட வீடியோ வந்துவிட்டது. பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜே.வி.சி. ஆகிய கம்பெனிகள் 1993-இல் வகுத்த வீடியோ சி.டி., எம்பெக்-1 என்ற முறையில் 74 நிமிஷத்துப் படத்தை ஒரு தட்டுக்குள் அடக்கிற்று. 74 நிமிஷம் என்பது மேல்நாட்டுச் சிறு படங்களுக்கே போதாது. இரண்டரை மணி, மூன்று மணி என்று ஓடும் தமிழ்ப் படத்தையும், ஜானவாசத்திலிருந்து நலங்கு வரை நீளும் கல்யாணத்தையும் இரண்டு, மூன்று பாகங்களாகப் பிரித்தே தீரவேண்டும். இவ்வாறு, பழைய ரீல் பிரிப்பவர்களின் தொழிலைக் கல்யாண வீடியோக் கடைகள் தமக்குத் தெரியாமலே சுவீகரித்துக்கொண்டன. கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு சி.டி. எழுதும் கருவி, இலவசமாகக் கிடைக்கும் ஒரு வெட்டும் மென்பொருள், இவ்வளவுதான் மூலதனம். வெட்டிய இரண்டாம் பாகத்தில் சப்தம் அரை விநாடி தள்ளி நின்றபோது, சி.டி. மட்டமானது, கம்ப்யூட்டர் பழையது, மென்பொருளில் வைரஸ் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் வேறு.

சுருக்கப்பட்ட வீடியோவில் முழுப் படம் என்பது அபூர்வம். ஏறக்குறைய பன்னிரண்டு பிரேமுக்கு ஒன்றுதான் முழுமையாக எழுதப்படுகிறது. மற்றவை எல்லாம், முன்னதிலிருந்தோ பின்னதிலிருந்தோ என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துவைப்பவை. நடுவில் வெட்டினால், மாற்றம் கைக்கு வரும், மாற்றத்துக்கு ஆதாரமான படம் போய்விடும். ஆகையால் வெட்டும் மென்பொருள், நாம் சுட்டிய இடத்தில் வெட்டாமல், அருகிலுள்ள முழுப் படத்துக்கு நகர்ந்து வெட்டுகிறது; அந்த நகர்வு அரை விநாடி வரைகூட இருக்கலாம். சப்தத்துக்கோ அந்த நிர்ப்பந்தம் இல்லை; அது நாம் சொன்ன இடத்துக்கு வெகு அருகிலேயே வெட்டப்பட்டுவிடுகிறது. பிறகு அசிரத்தையாக எழுதப்பட்ட மென்பொருள் இரண்டையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவைத்தால், இரண்டுக்கும் இடையே விழுந்த வித்தியாசம் துண்டு முடியும் மட்டும் மாறாது. வைட்டாபோன் தட்டு ஓட்டியவன் பட்ட பாடு இதுவேதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. எம்பெக் கோப்பில் ஒவ்வொரு படமும் திரையில் தோன்றவேண்டிய நேரத்துக்கு முன்னதாகவே வந்து, பிரித்துப் படிக்கும் கருவியில் காத்திருக்கிறது; வீடியோ சி.டி.யில் அந்தக் காத்திருப்பு மூன்றில் ஒரு விநாடி அளவுக்கு நீளும். சப்தம் அவ்வளவு முன்னால் வருவதில்லை. ஆகவே கோப்பில் ஒரு படத்துக்கு உரிய சப்தம் அந்தப் படத்துக்குச் சற்றுப் பின்னால் கிடக்கிறது. படச்சுருளில் சப்தம் இருபது பிரேம் முன்னால் இருந்தது. இங்கே திசை மாறிப் பின்னால் இருக்கிறது. தூரம் மட்டும் மறையவில்லை. இதுவரை நாம் பார்த்த யந்திரங்களில் படமும் சப்தமும் ஒரே இடத்தில் இருந்ததே இல்லை.

வெட்டும் இடத்தைச் சரியாகத் தேர்ந்துகொண்டாலும் கணக்கு இடிப்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. விநாடிக்கு 25 படம் என்றால் ஒரு படத்துக்கு 40 மில்லிவிநாடி. சப்தமும் துண்டு துண்டாகவே சுருக்கப்படுகிறது; ஒரு துண்டில், சப்தத்தைக் கணத்துக்குக் கணம் அளந்தெடுத்த 1,152 மாதிரிகள். விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் டிஜிட்டல் டெலிவிஷனில் ஒரு துண்டு 24 மில்லிவிநாடி. ஆகையால் மூன்று படமும் ஐந்து சப்தத் துண்டும் ஒரே இடத்தில் முடியும். வீடியோ சி.டி.யில் விநாடிக்கு 44,100 மாதிரி. அங்கே 32 படமும் 49 சப்தத் துண்டும் சேரும்போதுதான், அதாவது 1.28 விநாடிக்கு ஒரு முறைதான், இரண்டின் விளிம்பும் பொருந்தும். ஆதி தாளத்தில் ஏழேழாக அடுக்கிக்கொண்டு போகும் தவில்காரர் சமத்தில் வந்து விழ எத்தனை ஆவர்த்தனம் ஆகுமென்று முன்னாலேயே கணக்குப் போட்டுக்கொள்வது போலத்தான் இதுவும். கணக்குப் போடாதவர் வேறெங்கு வெட்டினாலும் பாதித் துண்டு தொங்கும். ஒரு வெட்டில் தொங்குவது 26 மில்லிவிநாடிக்கும் குறைவு, எவருக்கும் தெரியாது. ஆனால் வேண்டாத பகுதிகளை எல்லாம் நீக்கி ஐம்பது இடத்தில் வெட்டி ஒட்டும் கல்யாண வீடியோவில், ஒவ்வொரு வெட்டிலும் மிச்சத்தை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனால் கடைசியில் ஒரு விநாடியே சேர்ந்துவிடும். நல்ல மென்பொருள் சேர்ந்துவரும் பிசகைக் கவனித்து, ஒரு துண்டின் அளவை எட்டும்போது மௌனத் துண்டு ஒன்றைச் சேர்க்கும், அல்லது மிகையான ஒன்றை நீக்கும். வைட்டாபோன் ஆபரேட்டரின் கறுப்புப் பிரேம் சப்தத்துக்கு மாறி வந்த உருவம் அது.

மைக்ரோசாஃப்ட் 1992-இல் வெளியிட்ட ஏ.வி.ஐ. என்ற கோப்பு வகை இந்தச் சரித்திரத்தில் ஒரு பின்னடைவு என்றே சொல்லுவேன். அதில் காலக்குறி கிடையாது. சப்தத்தின் இடத்தைத் தொடக்கத்திலிருந்து எண்ணியே கண்டுபிடிக்க வேண்டும். பிற்பாடு எம்பி3 சப்தத்தை, அதுவும் கணத்துக்குக் கணம் அளவு மாறும் வகையை, அதில் திணித்தபோது எண்ணிக்கை அடியோடு குழம்பிற்று. எம்பி3-இல் இன்னொரு விபரீதமும் உண்டு. சிக்கனத்துக்காக ஒரு துண்டின் விவரங்களை முந்தைய துண்டுகளில் மிஞ்சிய இடத்தில், 511 பைட் வரை பின்னால்கூட, ஒளித்துவைப்பது அதன் சுபாவம். வெட்டினால் முதல் துண்டு தன் உடைமையை இழந்து 'கிரீச்' என்று அலறும். பழைய வி.எச்.எஸ். கல்யாணங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போதோ, படத்தைப் பிடிக்கும் கார்டும் சப்தத்தைப் பிடிக்கும் கார்டும் தத்தம் கடிகாரப்படி நடந்தன. பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் 0.36 விநாடி பிசகும். ஏவரி லீ என்பவர் எழுதி இலவசமாக வழங்கிய 'வர்ச்சுவல்டப்' மென்பொருளில், சப்தத்தை இத்தனை மில்லிவிநாடி முன்னே தள்ளு, பின்னே இழு என்று சொல்ல ஒரு பெட்டி உண்டு. மாறாத பிசகுக்கு அது சஞ்சீவி. போகப்போக வளரும் பிசகுக்கு அதனால் பயனில்லை. இந்த இரண்டையும் வேறுபடுத்தி அறிவதே வைத்தியத்தில் பாதி. ஆரம்பத்திலும் முடிவிலும் பிசகு ஒரே அளவா என்று பார்ப்பவர் பத்து நிமிஷத்தில் காரணத்தைக் கண்டுகொள்வார். பாராதவர் ராத்திரி முழுவதும் பெட்டியில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்.

எம்பெக் முறையிலோ மருந்து கோப்புக்குள்ளேயே இருந்தது. படத்துக்கும் சப்தத்துக்கும், விநாடியை 90,000 கூறாக்கிய ஒரே கடிகாரத்தின்படி, இது இன்ன கணத்தில் வெளிப்பட வேண்டும் என்ற குறி எழுதப்பட்டிருக்கிறது. வெட்டுகிறவர் செய்யவேண்டியது, இரண்டின் குறியிலிருந்தும் ஒரே எண்ணைக் கழிப்பது. தனித்தனியே பூஜ்யமாக்காமல் இருப்பது. இந்த எளிய காரியத்தைச் செய்யும் மென்பொருள்கள் பரவிய பிறகே, பாகம் பிரித்த தட்டுகளில் உதடும் சொல்லும் நிலையாகச் சேர்ந்தன. அந்தக் குறியும் 33 இலக்க இரும எண் ஆதலால் சுமார் இருபத்தாறரை மணி நேரத்தில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். டெலிவிஷன் ஒளிபரப்பைப் பதிவு செய்யும்போது அந்தக் கணம் நடுவில் வந்து விழுந்தால், ஒழுங்கான மென்பொருளும் தடுமாறிப் போகும்.

வீடியோ சி.டி. இன்று மறைந்துவிட்டது. ஒடிசாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்கு வந்த தொழிலாளர்கள் தம் பாஷைப் பாட்டுகளை மெமரி கார்டில் ஏற்றிக்கொண்ட காலமும் போய், எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஆயினும் துண்டாக்கும் கட்டாயம் நீங்கவில்லை. இம்முறை அதைச் செய்வது காமிராவே. நினைவு அட்டைகளில் வழங்கும் பழைய கோப்பு ஒழுங்கின்படி ஒரு கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் வளரக்கூடாது ஆகையால், தாலி கட்டும் சமயம் என்று பாராமல் காமிரா ஒரு கோப்பை மூடி மறு கோப்பைத் திறந்துவிடுகிறது. ஒரு சப்தத் துண்டின் பாதி இந்தக் கோப்பிலும் பாதி அந்தக் கோப்பிலும் கிடக்கும்; இரண்டையும் தனித்தனியே எடிட்டிங் மென்பொருளில் இழுத்துவைத்தால் சந்தியில் நாதஸ்வரம் ஒரு கணம் விக்கும். அனுபவம் உள்ள எடிட்டர்கள், காமிரா தந்த எம்.டி.எஸ். கோப்புகளை முதலில் பைட்டுக்குப் பைட் வரிசையாக ஒட்டி ஒரே கோப்பாக்கிக்கொண்டு, அதன் பிறகே வெட்டத் தொடங்குகிறார்கள்.

ஏ.ஏ.சி. என்ற இக்காலச் சப்த முறையில் ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டோடு பாதி ஒன்றின் மேல் ஒன்று படிந்தே எழுதப்படுவதால், வெட்டின இடத்து முதல் துண்டு தனக்கு முந்தியது இல்லாமல் சரியாக ஒலிக்காது. ஆகவே அந்த முந்திய துண்டையும் கூடவே எடுத்துவந்து, 'இதைப் படி, ஆனால் ஒலிக்காதே' என்று எம்பி4 கோப்பின் தலைப்பில் குறிப்பு எழுதிவைக்கிறார்கள். கம்ப்யூட்டர் அக்குறிப்பை மதிக்கிறது, வீட்டு டி.வி.யில் பென்டிரைவைச் செருகிப் பார்க்கும்போது சில டி.வி.கள் மதிப்பதில்லை. அதனால் டி.வி.யில் பார்ப்பதற்கென்று கொடுக்கும் பிரதிகளில், படத்தைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, சப்தத்தை மட்டும் தனியே பிரித்து, குறிப்பின்படி திருத்தி, புதிதாகச் சுருக்கி மறுபடியும் சேர்க்கிறார்கள். படத்தை மறுபடி சுருக்க ஆகும் மணிக்கணக்கோடு பார்த்தால், சப்தத்துக்கு ஆவது சில நிமிஷங்களே.